தொடக்கப் பள்ளியில் கைவினை வகுப்பு எடுக்கப்போகும் தன்னார்வலருக்கு: விண்ணப்பம் முதல் காயவைப்பது வரை

இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 28 பேருக்குக் காகிதப் பாய் பின்னக் கற்றுத் தரலாம் என்றுதான் முதன்முதலில் ஒரு பள்ளிக்குப் போனேன். தாளைப் பாதியாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து வரிவரியாக வெட்டிக்கொண்டு வந்து, எதிர் விளிம்புக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும் என்பதே முதல் வேலை. அதில் 9 குழந்தைகள் எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டினார்கள். விரித்துப் பார்த்தபோது பாயாக வேண்டிய தாள், இருபுறமும் குஞ்சம் தொங்கும் துண்டாகக் கிடந்தது. என்னிடம் மாற்றுத் தாள் 4 மட்டுமே இருந்தன. மீதி 5 குழந்தைகளும் அந்த மணிநேரம் முழுவதும் மற்றவர்கள் பின்னுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி, வெட்டுப்பட்ட தாளை மேசைமேல் வைத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்து விரலால் தடவித் தடவி ஒட்டவைக்கப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தவறு குழந்தைகளுடையது அன்று. மடிப்பு எந்தப் பக்கம் என்பதைச் சிவப்புக் கிரையானால் நான் அடையாளமிட்டுக் கொடுத்திருந்தால், வெட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு தடித்த கோடு போட்டுக் கொடுத்திருந்தால், 28 பாயும் பின்னி முடிந்திருக்கும். குழந்தை தன் கையால் தொடங்கித் தன் கையாலேயே முடித்து எடுத்துப் போகும்படி வழிசெய்து கொடுப்பதுதான் தன்னார்வலரின் வேலை. அந்த வழியை வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளோடு முதல்முறையாக வேலை செய்யப் போகிறவர்களை மனத்தில் வைத்தே கீழே உள்ள ஒவ்வொரு படியையும் எழுதியிருக்கிறேன்.

1. இரண்டு மாதம் முன்பே ஆவண வேலையைத் தொடங்குங்கள்

குழந்தைகளோடு பழகப்போகும் எவரிடமும் பள்ளி பின்னணிச் சரிபார்ப்புச் சான்று கேட்கும், கேட்கவும் வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று, குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான அனுமதி என்று இதன் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பெயர் எதுவானாலும் இதற்கு நாள்கணக்கில் இல்லாமல் வாரக்கணக்கில் நேரம் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை என்றோ குறைவு என்றோ விதி இருக்கிறதா என்று விண்ணப்பிப்பதற்கு முன்பே கேளுங்கள். செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நான் கண்ட முதற்காரணம் பெயர்ப் பொருத்தமின்மை. நம் பெயர்கள் ஓர் ஆவணத்தில் முதலெழுத்தோடும், இன்னொன்றில் தந்தை பெயர் விரித்தும், மூன்றாவதில் அதுவே குடும்பப் பெயராகவும் பதிவாகியிருக்கும். என் விண்ணப்பம் இதனாலேயே ஒருமுறை திரும்பி வந்து மூன்று வாரம் வீணாயிற்று. அடையாள அட்டை, முகவரிச் சான்று, விண்ணப்பப் படிவம் ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள். வேறுபாடு இருந்தால் அதற்கான விளக்கக் கடிதத்தையும் உடன் வையுங்கள்.

இவற்றோடு, உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரைக் கடிதம், அவசரத் தொடர்பு எண், உங்களுக்கு ஏதேனும் மருத்துவத் தேவை இருந்தால் அதன் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். சான்றுக்குக் காலாவதித் தேதி உண்டா, வேறு பள்ளிக்கும் அதுவே செல்லுமா என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்காகப் பெற்ற சான்றை இன்னொரு பள்ளி ஏற்காமல் போவது உண்டு.

2. பள்ளியோடு பேசி, முடிவானதை எழுத்தில் பெறுங்கள்

தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை வைத்துக்கொண்டு பொருள் வாங்கப் போய்விடாதீர்கள். எந்த வகுப்பு, எத்தனை குழந்தைகள், எந்த நாள், எத்தனை நிமிடம், எந்த அறை, பொருள் செலவு யாருடையது என்ற ஆறும் ஒரு கடிதத்திலோ மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும். நீங்களே எழுதி அனுப்பி, உறுதிப்படுத்தும்படி கேட்டால் போதும்.

வகுப்பாசிரியர் முழு நேரமும் அறையில் இருப்பார் என்பதை ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தன்னார்வலர் எந்தக் குழந்தையோடும் தனித்திருக்கக் கூடாது. கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, உடை மாற்றிவிடுவது போன்றவை ஆசிரியரின் பொறுப்பு. குழந்தைகளுக்கும் உங்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

மூன்று செய்திகளை வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். முதலாவது, ஒவ்வாமைப் பட்டியல். கைவினைக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை என்று நாம் நினைப்போம். ஆனால் கடையில் வாங்கும் விளையாட்டு மாவுகள் பலவற்றில் கோதுமை இருக்கிறது, பலூனில் லேடெக்ஸ் என்னும் இயற்கை ரப்பர் இருக்கிறது, முட்டை அட்டையில் முட்டையின் ஈரம் ஒட்டியிருக்கலாம். இரண்டாவது, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகள் யார், அவர்களுக்கு எப்படி உதவினால் பிடிக்கும் என்பது. மூன்றாவது, நிழற்படம் எடுப்பதற்குப் பெற்றோர் ஒப்புதல். என் அனுபவத்தில் மிகுந்த மனவருத்தம் தந்தது இந்த மூன்றாவதுதான்: ஒப்புதல் தராத குழந்தை ஒன்றின் முகம் பின்னணியில் விழுந்த படத்தை நான் இரண்டு நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். அதன் பிறகு குழந்தைகளின் கைவேலையை மட்டும், பெயர் தெரியாத பக்கமாக வைத்துப் படம் எடுக்கிறேன். குழந்தைகளை எடுப்பதே இல்லை.

3. வகுப்பறையை ஒருமுறை நேரில் பாருங்கள்

பதினைந்து நிமிடம் போதும். தண்ணீர்க் குழாய் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, மேசை சாய்வானதா தட்டையானதா, மின்விசிறிக் காற்று தாளைப் பறக்கவிடுமா, ஈரமான வேலைகளை மறுநாள் வரை வைத்திருக்க இடம் உண்டா என்று பார்த்து வாருங்கள். குழாய் அறைக்கு வெளியே இருந்தால் வண்ணப்பூச்சு வேலையை முதல் வகுப்பில் எடுக்காதீர்கள். இடம் இல்லையென்றால் காய வேண்டிய எதையும் எடுக்காதீர்கள்.

4. வயதுக்கேற்ற வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பார்த்தவுடன் அழகாகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. அந்த அழகில் பெரும்பகுதி பெரியவர் கை செய்தது. எந்த வேலையையும் படிபடியாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே ‘இதைக் குழந்தை தனியாகச் செய்யுமா?’ என்று கேளுங்கள். மூன்றில் ஒரு படிக்கு உங்கள் கை வேண்டியிருந்தால் அந்த வேலை இந்த வயதுக்கு உரியது அன்று.

5, 6 வயதில் பெரும்பாலான குழந்தைகளால் தாளைக் கிழிக்கவும், நேர்க்கோட்டில் வெட்டவும், பசைக்குச்சியால் ஒட்டவும், விரல் பதித்து உருவம் உண்டாக்கவும் முடியும். 7, 8 வயதில் வட்டம் வெட்டுவதும், மடிப்பதும், பின்னுவதும், பெரிய காது கொண்ட மழுங்கிய பிளாஸ்டிக் ஊசியில் நூல் கோப்பதும் வரும். அளவுகோல் வைத்து அளந்து செய்வதும், இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து செய்யும் காகிதக்கூழ் வேலையும் 9, 10 வயதுக்கு விட்டுவிடுங்கள். ஒரே வகுப்பிலும் கை முதிர்ச்சியில் இரண்டு வயது வேறுபாடு காணப்படும் என்பதால், ஒரே வேலையை எளிதாகவும் கடினமாகவும் செய்ய இடம் இருக்க வேண்டும்.

முதல் வகுப்புக்கு எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், மெழுகுக் கிரையானால் வரைந்து அதன்மேல் நீர்த்த வண்ணம் பூசும் வேலையைத்தான் சொல்வேன். மெழுகு நீரை விலக்குவதால், வண்ணம் கோட்டின் மீது நிற்காமல் வெற்றுத் தாளில் மட்டும் படியும். வெள்ளைக் கிரையானால் வரைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கோடு, தூரிகை ஓடியவுடன் எழும்பி வரும். குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். கத்தரிக்கோல் இல்லை, பசை இல்லை, தவறாகப் போக இடமும் இல்லை. இதில் இரண்டே கண்ணிகள் உண்டு. கிரையானை அழுத்தாமல் மேலாகத் தேய்த்தால் மெழுகுப் படலம் உண்டாகாது. அதனால் நகம் பட்டால் பளபளக்கும் அளவுக்கு அழுத்தி வரையச் சொல்லுங்கள். வண்ணம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும்; அதனால் தேநீர் நிறத்துக்கு மேல் அடர்த்தியாகக் கலக்காதீர்கள்.

கருப்பொருள் தேர்விலும் கவனம் வேண்டும். அம்மாவுக்கு வாழ்த்து அட்டை என்று அறிவித்த ஒரு வகுப்பில், அம்மா இல்லாத குழந்தை ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. அதன் பிறகு ‘உனக்குப் பிடித்த ஒருவருக்கு’ என்று மட்டுமே சொல்கிறேன். சமயம், விழா சார்ந்த உருவங்களையும் ஆசிரியரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

5. நீங்கள் ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். நேரத்தை மூன்றால் பெருக்குங்கள்

பள்ளியில் கொடுக்கப்போகும் அதே தாள், அதே பசை, அதே கத்தரிக்கோல் கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். உங்களுக்கு 10 நிமிடம் ஆனால் 6 வயதுக் குழந்தைக்கு 30 நிமிடம் ஆகும் என்பது நான் பின்பற்றும் கணக்கு. அது பெரும்பாலும் தவறுவதில்லை. உங்களுக்கே 20 நிமிடம் ஆகும் வேலை ஒரு மணிநேர வகுப்பில் முடியாது. அதை இரண்டு வகுப்பாகப் பிரியுங்கள், அல்லது வெட்டும் பகுதியை நீங்களே முடித்து எடுத்துச் செல்லுங்கள்.

பிறகு அதே வேலையை உங்கள் பழக்கமில்லாத கையால் ஒருமுறை செய்யுங்கள். எந்த இடத்தில் கை திணறுகிறதோ அந்த இடத்தில்தான் குழந்தையும் திணறும். என் காகிதப் பாயில் கிரையான் கோடு வேண்டும் என்பதும், தாளுக்கு ஓடும் திசை ஒன்று உண்டு என்பதும் எனக்கு இப்படித்தான் தெரிந்தன. அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இணங்கும், மற்றது முரண்டும். இணங்கும் திசைக்கு ஒத்து மடித்தால் மடிப்பு நேராக விழும், கிழித்தாலும் நேராகக் கிழியும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து, பிசிறு தெரியும். 30 அட்டைகளையும் ஒரே திசையில் வெட்டி எடுத்துச் சென்றால், குழந்தைகளின் மடிப்பு திடீரென்று சீராகிவிடும்.

காய்வதற்கான நேரத்தைத் தனியே எழுதுங்கள். மெல்லப் பூசிய போஸ்டர் வண்ணம் காய ஏறத்தாழ அரை மணிநேரம் வேண்டும். வெள்ளைப் பசை கைக்கு ஒட்டாத நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணிநேரமும், முழு வலுவுக்கு ஒரு நாளும் ஆகும். காகிதக்கூழ் வேலையில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நாள் விட வேண்டும். இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பிசையும் உப்பு மாவில் செய்த அரை சென்டிமீட்டர் கனமான உருவம், காற்றில் உலர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் எல்லாமே நீளும்.

6. பொருள் பட்டியலும் செலவும்

செலவை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கத்தரிக்கோல், தூரிகை, மேசை விரிப்பு ஆகியவை ஒருமுறைச் செலவு. தாள், பசை, வண்ணம் ஆகியவை ஒவ்வொரு வகுப்புக்கும் வருபவை. போக்குவரத்து, படி எடுத்தல், சான்றுக் கட்டணம், செய்து பார்த்து வீணாகும் பொருள் ஆகியவை யாரும் கணக்கில் எழுதாதவை. என் முதல் பருவத்தில் இந்த மூன்றாம் வகைதான் கைக்காசைக் கரைத்தது. பள்ளி திருப்பித் தருவதாக இருந்தால், வாங்குவதற்கு முன்பே உச்ச வரம்பைக் கேளுங்கள். ரசீது இல்லாத செலவுக்குப் பணம் வராது என்று கொள்ளுங்கள். ரசீதுகள் வெளிறிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள்.

30 குழந்தைகளுக்கு நான் எடுத்துச் செல்லும் அளவு இது. தாள் எண்ணிக்கையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 36 தாள். சாதாரண ஏ4 தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்; அது மடிக்கவும் பின்னவும் ஏற்றது, ஆனால் தண்ணீர் பட்டால் நெளியும். வண்ணம் பூசக் குறைந்தது 120 கிராம் தாளும், முகமூடி, அட்டை வேலைகளுக்கு 200 கிராம் அட்டையும் வேண்டும். ஒரு குழந்தைக்கு 15 மில்லி என்று கணக்கிட்டால் அரை லிட்டர் வெள்ளைப் பசை ஒரு வகுப்புக்குப் போதும். பசையைக் குப்பியோடு கொடுக்காதீர்கள்; தண்ணீர்ப் பாட்டில் மூடியில் பாதி ஊற்றி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றும் கொடுத்தால், பசை தாளில் குளமாகத் தேங்குவது நிற்கும். தீர்ந்தவர்களுக்கு மறுபடி ஊற்றலாம். பசைக்குச்சியாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் கத்தரிக்கோல் ஒன்றுதான். மலிவான கத்தரிக்கோல் தாளை வெட்டாமல் இரண்டு அலகுக்கும் இடையில் மடித்துக்கொள்ளும். குழந்தையோ தனக்கு வெட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடும். முனை மழுங்கிய, ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமுள்ள, உலோக அலகு கொண்டவற்றை வாங்கி, ஒவ்வொன்றையும் தாளில் வெட்டிப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் 15. நூற்றில் 10 பேரளவுக்கு இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் என்பதால் இடக்கைக் கத்தரிக்கோல் குறைந்தது மூன்று அதில் இருக்க வேண்டும். அலகுகள் எதிர்மாறாக அமைந்திருப்பதால்தான் அவர்களுக்கு வெட்டும் கோடு கண்ணில் படும். பிடி மட்டும் மாற்றிய கத்தரிக்கோல் உதவாது.

வண்ணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். மூன்றும் கலந்தால் பத்து நிமிடத்தில் எல்லாத் தாளும் சேற்று நிறமாகிவிடும். ஒரு மேசைக்கு மஞ்சளும் நீலமும் வெள்ளையும், அடுத்த மேசைக்கு மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் என்று கொடுங்கள்; எப்படிக் கலந்தாலும் நல்ல நிறமே வரும். அக்ரிலிக் வண்ணம் துணியில் காய்ந்தால் போகாது என்பதால் அதை வாங்கவே வேண்டாம்.

வீடுகளிலிருந்து அட்டைப் பெட்டி, துணித் துண்டு, பொத்தான், பழைய செய்தித்தாள் சேகரித்தால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் மருந்துக் குப்பி, பூச்சிக்கொல்லி வைத்திருந்த கலன், கண்ணாடி, விளிம்பு கூரான தகரம் எதையும் ஏற்காதீர்கள். எதைக் கொண்டுவரக் கூடாது என்பதைப் பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

7. அறைக்குள் வரவே கூடாத பொருள்கள்

வண்ணமும் பசையும் வாங்கும்போது ‘நச்சற்றது’ என்ற எழுத்தோடு நின்றுவிடாமல், ஈ.என். 71 என்னும் ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தர எண்ணோ, கலைப் பொருள்கள் நச்சற்றவை என்று அமெரிக்க அமைப்பு ஒன்று சான்றளிக்கும் ஏ.பி. முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். நொடியில் ஒட்டும் பசை தோலையும் உடனே ஒட்டிவிடும். பஞ்சு, பருத்தித் துணி மேல் பட்டால் சூடாகிச் சுடவும் செய்யும். சூட்டுப் பசைத் துப்பாக்கியின் பசை 100 டிகிரி செல்சியசுக்கும் மேல் கொதிப்பது. இரண்டையும் பள்ளிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். தேவைப்பட்டால் வீட்டிலேயே ஒட்டி எடுத்துச் செல்லுங்கள்.

விளக்கு, ஒலி உண்டாக்கும் சிறு பொருள்களில் பொத்தான் போன்ற மின்கலம் இருக்கும். லித்தியம் பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணிநேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். வலுவான சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலைக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளும். பலூன் துண்டு 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சை அடைக்கும். இவை மூன்றும் வேண்டாம்.

விதைகளை ஒட்டி அலங்கரிக்கும் வேலை எல்லோருக்கும் பிடிக்கும். அதில் குன்றிமணியும் ஆமணக்கு விதையும் சேரவே கூடாது. சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் குன்றிமணி கடும் நஞ்சு. அதன் ஓடு உடையும்படி கடித்தாலோ கோப்பதற்காகத் துளையிட்டாலோ பெரும் ஆபத்து. பெற்றோர் சேகரித்து அனுப்பிய ஒரு பெட்டியில் பத்துப் பதினைந்து குன்றிமணிகளை நானே பார்த்திருக்கிறேன், அதனால் இப்போது பெட்டியைக் கொட்டித் தடவிப் பார்க்காமல் வகுப்புக்கு எடுத்துச் செல்வதில்லை.

ஜிகினாத் தூளையும் நான் விட்டுவிட்டேன். கண்ணில் விழுந்தால் உறுத்தும், தரையிலிருந்து மாதக்கணக்கில் போகாது. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் அவ்வகை உதிரித் தூளின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது.

8. அன்றைய 60 நிமிடங்கள்

அரை மணிநேரம் முன்னதாகப் போய், ஒவ்வொரு மேசைக்குமான பொருளை ஒரு தட்டில் வைத்து, தட்டுகளை உங்கள் அருகிலேயே வைத்திருங்கள். பொருள் கைக்கு எட்டிய பிறகு எந்தக் குழந்தையும் விளக்கத்தைக் கேட்காது.

முதல் 10 நிமிடம் விளக்கம். மூன்று படிகளுக்கு மேல் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒரு படியைச் சொல்லி, செய்து காட்டி, எல்லோரும் முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். மாதிரி ஒன்றை மட்டும் காட்டினால் முப்பது பேரும் அதையே படியெடுப்பார்கள் என்பதால், ஒன்றுக்கொன்று ஒப்பில்லாத மூன்று மாதிரிகளைக் காட்டிவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். பெயர் எழுதுவது கடைசி வேலை அன்று. தாள் கைக்கு வந்தவுடன், பின்பக்கத்தில், பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். ஈர வண்ணம் பூசிய முப்பது தாள்களில் யாருடையது எது என்று தேடி ஒரு பிற்பகலை இழந்தவள் நான்.

அடுத்த 30 நிமிடம் வேலை. பதினைந்தாவது நிமிடத்தில் ‘முடிச்சிட்டேன் மிஸ்’ என்று ஒரு குரல் வரும். அதற்கென்று ஒரு மேசையில் வெட்டிய தாள் துண்டுகளும் பசையும் வைத்திருங்கள். முடித்தவர்கள் அங்கே தம் விருப்பப்படி ஏதேனும் செய்யட்டும். அவர்களை மற்றவர்களுக்கு உதவச் சொல்லாதீர்கள், ஏனென்றால் வேகமான குழந்தை உதவி என்று நினைத்து மெதுவான குழந்தையின் தாளைத் தானே முடித்துவிடும்.

மீதி 20 நிமிடத்தில் 10 சுத்தத்துக்கு, 10 காட்சிக்கு. சுத்தம் செய்யும் நேரத்தைக் குறைத்து வேலைக்குக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடுத்த பாடத்துக்கு வரும் ஆசிரியர் பசை படிந்த மேசையைப் பார்த்தால், உங்களுக்கு அடுத்த அழைப்பு வராமல் போகலாம். ஈரத்துணி ஒரு மேசைக்கு இரண்டு, குப்பைப் பை இரண்டு, கை துடைக்கப் பழைய துண்டு நான்கு என்று எடுத்துச் செல்லுங்கள்.

9. குழந்தையின் தாளில் உங்கள் கை படக் கூடாது

இந்தப் படியைத்தான் நான் மிகுந்த சிரமப்பட்டுக் கற்றேன். கோணலாக ஒட்டிய கண்ணை நேராக்க, விட்டுப்போன இடத்தில் வண்ணம் நிரப்ப, நம் விரல் தானாகவே போகும். நேராக்கிய அந்த நொடியிலிருந்து அது குழந்தையுடையது அன்று. சில குழந்தைகள் வெளிப்படையாகவே ‘நீங்களே செய்யுங்க’ என்று தாளை நம் பக்கம் தள்ளிவிடும்.

உதவ வேண்டுமானால் வேறொரு தாளில் செய்து காட்டுங்கள். வெட்டத் திணறும் குழந்தைக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்காமல் தாளைப் பிடித்துக்கொடுங்கள். தாள் இறுக்கமாக நின்றாலே பாதிச் சிக்கல் தீரும். வட்டம் வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல், இன்னொரு கையால் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் கை நிலைக்கும்.

6, 7 வயதுக் குழந்தைகள் தாளின் அடியில் ஒரு கோடு போட்டுத் தரை என்பார்கள், உச்சியில் ஒரு நீலப் பட்டை போட்டு வானம் என்பார்கள், நடுவில் வெள்ளையாக விட்டுவிடுவார்கள். இது அந்த வயதுக்கே உரிய பார்வை, பிழை அன்று. வானம் கீழே வரை வரும் என்று திருத்திய என்னிடம் ஒரு பையன், வானத்தைக் கையால் தொட முடியுமா என்று கேட்டான். அவன் கணக்கில் அந்த வெள்ளை இடத்தில் காற்றும் மனிதர்களும் இருந்தார்கள். இப்போது ‘இது என்ன?’ என்று கேட்பதில்லை. ‘இதைப் பற்றிச் சொல்’ என்கிறேன். ‘அழகு’ என்று எல்லோருக்கும் ஒரே சொல்லைச் சொல்வதற்குப் பதிலாக, ‘மூன்று பச்சை கலந்திருக்கிறாய்’ என்று கண்ணில் பட்டதைச் சொன்னால், குழந்தை அடுத்த பச்சையைத் தேடப் போகும்.

10. முடிந்த பிறகு

ஈரமான வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கயிறு கட்டி, துணிக் கவ்வியால் தொங்கவிடலாம். வண்ணம் வழியும் தாளை மட்டும் தட்டையாகப் பரப்புங்கள். எப்போது வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்ற நாளைக் குழந்தைகளிடமே சொல்லிவிடுங்கள். சொன்ன நாளில் கட்டாயம் கொடுங்கள்.

முடிக்காத குழந்தைகளுக்கு ஆளுக்கு ஓர் உறை வைத்திருங்கள். பாதி வேலை, மீதித் துண்டுகள், சிறிதளவு நூலோ வண்ணத்தாளோ எல்லாம் அதற்குள். காகிதப் பாயாக இருந்தால், பின்னி நிறுத்திய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அனுப்புங்கள், இல்லையென்றால் வீடு சேர்வதற்குள் பட்டைகள் உருவிக்கொள்ளும். அடுத்த வாரம் அந்த உறை திரும்பி வரும்போது, உள்ளே நீங்கள் கொடுத்ததைவிட இரண்டு பட்டை கூடுதலாகப் பின்னியிருக்கும். அந்த இரண்டும் வீட்டில் எந்த நிறத் தாளிலிருந்து வந்தன என்பதைக் குழந்தை வரிசையாகச் சொல்லும், அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.